பக்கத்து வட்டத்துக்கு வறட்சி, நமக்கு இல்லை: கணக்கு எங்கே பிசகுகிறது?

கேள்வி இது: "பக்கத்து வட்டத்தை வறட்சி பாதித்த பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் வட்டத்தில் மானாவாரிப் பயிர் கருகிக் கிடக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. செயற்கைக்கோள், சூப்பர் கம்ப்யூட்டர் என்று அரசு இவ்வளவு செலவு செய்கிறதே, இதுகூடவா தெரியாது? முன்கூட்டியே சொல்லவும் முடியாதா?"

தெரியாமல் இல்லை. வறட்சி நடப்பதைப் பார்ப்பது ஒரு வேலை, வரப்போகிறது என்று சொல்வது இன்னொரு வேலை, இது வறட்சிதான் என்று கையெழுத்திடுவது வேறொரு வேலை. முதல் வேலையில் கடந்த 30 ஆண்டுகளில் நல்ல முன்னேற்றம். இரண்டாவதில் இரண்டு வாரம் வரை ஓரளவு நம்பலாம், அதற்கு மேல் வாய்ப்புக் கணக்குதான். மூன்றாவது வேலையைச் செய்வது எந்திரம் அல்ல, ஒரு விதிமுறை அட்டவணை. உங்கள் வட்டம் விடுபட்டது அநேகமாக அந்த அட்டவணையில்தான். அதனால் அதை விளக்கிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

வறட்சியை அறிவிக்கும் பொறுப்பு மாநில அரசுடையது. இந்திய வானிலைத் துறைக்கு அதில் பங்கில்லை. 2016 முதல் அத்துறை தன் அறிக்கைகளில் 'வறட்சி' என்ற சொல்லையே விட்டுவிட்டு, 'பற்றாக்குறை ஆண்டு' என்றுதான் எழுதுகிறது. முன்பெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு முறை இருந்தது. சில மாநிலங்கள் பிரிட்டிஷ் காலத்து அணா வாரி விளைச்சல் மதிப்பீட்டையே வைத்திருந்தன. 2016 மே மாதம் ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், இதைச் சீர்படுத்தி அறிவியல் முறையில் புதுக் கையேடு எழுதச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் வறட்சி மேலாண்மைக் கையேட்டை வெளியிட்டது. இப்போதைய நடைமுறைக்கு அடிப்படை அதுதான்.

கையேட்டின் முதல் படி மழை. இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று, பருவ மழை இயல்பிலிருந்து எத்தனை சதவீதம் விலகியது. 20 முதல் 59 சதவீதம் குறைந்தால் பற்றாக்குறை, 60க்கு மேல் குறைந்தால் பெரும் பற்றாக்குறை. மற்றொன்று வறண்ட இடைவெளி: பருவமழை தொடங்க வேண்டிய தேதிக்குப் பிறகு தொடர்ச்சியாக நான்கு வாரம், ஒவ்வொரு வாரமும் அந்த வாரத்து இயல்பில் பாதிக்கும் குறைவாக மழை பெய்திருக்க வேண்டும். நீர் தங்காத இலகுவான மண்ணுக்கு மூன்று வாரம் போதும். மழைக் குறைவும் வறண்ட இடைவெளியும் சேர்ந்தால் முதல் படி தாண்டிவிடும். மொத்த மழை இயல்பாக இருந்து இடைவெளி மட்டும் விழுந்தாலும் தாண்டும். இடைவெளி இல்லாமல் மழை மட்டும் குறைந்திருந்தால், சதவீதக் கணக்கில் அது பெரும் பற்றாக்குறையாக இருந்தால்தான் தாண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. கரிசல் மண் வட்டம் ஒன்றில் நான்கு வாரத்து இயல்பு மழை 20, 26, 28, 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெய்தது 8, 12, 5, 10. நான்குமே பாதிக்குக் கீழே, ஆகவே வறண்ட இடைவெளி உண்டு. பக்கத்து வட்டத்திலும் அதே கதைதான், ஆனால் நான்காம் வாரம் ஒரு மாலையில் இடி மழை அடித்து 16 மி.மீ. பதிவானது. 15 தான் எல்லை. ஒரு மில்லிமீட்டரில் இடைவெளி அறுந்துவிட்டது. இரண்டு வட்டத்திலும் பருவ மொத்தம் 45 சதவீதம் குறைவு என்றாலும், முதல் வட்டம் அடுத்த படிக்குப் போகும், இரண்டாவது அங்கேயே நின்றுவிடும். பயிருக்கு அந்த 16 மி.மீ. எந்தப் பயனும் தந்திருக்காது. வெடித்துக் கிடக்கும் கரிசலில் அது விரிசலுக்குள் போய் மறைந்துவிடும்.

அதனால்தான் மழைமானி எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பது செயற்கைக்கோளைவிடப் பெரிய கேள்வி. கோடை இடி மழை ஊருக்கு ஊர் மாறும். வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் ஒற்றை மழைமானி, 20 கி.மீ. தள்ளியிருக்கும் குறுவட்டத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது. இதை முதலில் உணர்ந்து செலவு செய்தது கர்நாடகம். 1988இல் வறட்சிக் கண்காணிப்புக்கென்றே தனிப் பிரிவு தொடங்கி, பின்னர் கிராமப் பஞ்சாயத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தானியங்கி மழைமானிகளை நிறுவியது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தரவு வரும். தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் அமைத்தது. ஒன்றிய அரசின் விண்ட்ஸ் என்ற வானிலைத் தரவு வலையமைப்புத் திட்டம் பஞ்சாயத்துக்கு ஒரு மழைமானி, வட்டாரத்துக்கு ஒரு வானிலை நிலையம் என்று குறி வைத்திருக்கிறது.

எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது. தானியங்கி மழைமானிக்குள் ஊஞ்சல் போல இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒரு சாய்வு 0.2 அல்லது 0.5 மி.மீ. என்று கணக்கு. புனலில் இலை, பறவை எச்சம், சிலந்தி வலை, குளவிக்கூடு அடைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். நேற்றைய மழை இன்றைக்கும் நாளைக்கும் பங்கு பிரிந்து பதிவாகும். கனமழையில் கிண்ணம் சாயும் நொடியில் விழும் நீர் கணக்கில் சேராது, அளவு குறையும். மரத்துக்கோ சுவருக்கோ அருகே இருந்தால் மழை மறையும். தடையின் உயரம் எவ்வளவோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். மொட்டை மாடியில் வைத்தால் காற்று துளிகளைக் கடத்திக்கொண்டு போகும். பேட்டரி இறங்கினாலோ சிம் சிக்னல் போனாலோ தரவே வராது. இங்கேதான் பெரிய பிழை நடக்கும். வராத தரவைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் இல்லாத வறட்சி முளைக்கும். பக்கத்து மழைமானியின் அளவைப் போட்டு நிரப்பினால் இருக்கும் வறட்சி மறைந்துவிடும். பூஜ்யமும் வெற்றிடமும் ஒன்றல்ல.

சதவீத விலகல் தவிர எஸ்பிஐ (தரப்படுத்திய மழைக் குறியீடு) என்ற அளவும் பயன்படுகிறது. 1993இல் அமெரிக்காவின் கொலராடோவில் உருவானது, உலக வானிலை அமைப்பும் பரிந்துரைப்பது. இதன் யோசனை எளிது. ராமநாதபுரத்தில் 40 சதவீதக் குறைவு அடிக்கடி வருவது. கன்னியாகுமரியில் அதே 40 அரிது. எனவே இந்த அளவு மழை இந்த இடத்தில் எவ்வளவு அபூர்வம் என்று பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருவது. -1 முதல் -1.49 வரை மிதமான வறட்சி, -1.5க்குக் கீழே கடுமை, -2க்குக் கீழே மிகக் கடுமை. இதற்குக் குறைந்தது 30 ஆண்டுப் பதிவு வேண்டும். நேற்று நட்ட தானியங்கி மழைமானிக்கு அந்த வரலாறு கிடையாது. அதனால் வானிலைத் துறையின் கட்டம் பிரித்த மழைத் தரவை எடுப்பார்கள். ஒரு கட்டம் 0.25 பாகை, அதாவது சுமார் 27 கி.மீ. சதுரம். உங்கள் வட்டமும் பக்கத்து வட்டமும் ஒரே கட்டத்தில் விழுந்தால் இருவருக்கும் ஒரே மதிப்பெண். கட்டத்தின் கோடு இரண்டு ஊருக்கு நடுவே போனால் மதிப்பெண் வேறு.

மழைப் படியைத் தாண்டினால் இரண்டாவது படி, பாதிப்பு அளவைகள். செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமை, விதைப்புப் பரப்பு, மண் ஈரம், நீர்நிலைகள் (அணை இருப்பு, நிலத்தடி நீர், ஆற்று ஓட்டம்) என நான்கு வகை. இவற்றில் மூன்று வகையை மாநிலம் தேர்ந்தெடுக்கும். எந்த மூன்று என்பதும் முடிவை மாற்றும். மேட்டூரில் தண்ணீர் இருக்கிறது என்பது தர்மபுரியின் மானாவாரிக் காட்டுக்கு என்ன செய்யும்?

பசுமையைப் பார்ப்பது இந்தியாவில் புதிதல்ல. ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் 1989இலேயே வேளாண் வறட்சிக் கண்காணிப்பைத் தொடங்கியது. 2012இல் டெல்லியில் மகலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் வந்தபின் அந்த வேலை அங்கே போனது. செழிப்பான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். வாடிய இலையில் இந்த வித்தியாசம் குறையும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு. தனியாக இந்த எண்ணுக்குப் பொருள் குறைவு. அதே இடத்தில் அதே மாதத்தில் இத்தனை ஆண்டுகளில் கண்ட உச்சம், தாழ்வு ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். தாழ்வு 0.28, உச்சம் 0.60, இந்த ஆண்டு 0.34 என்றால், 0.06ஐ 0.32ஆல் வகுத்து நூறால் பெருக்க, சுமார் 19. நூற்றுக்குப் பத்தொன்பது மார்க் வாங்கிய பயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்பீட்டு மதிப்பெண்ணைத்தான் விசிஐ என்கிறார்கள்.

இது தவறாகப் போகும் இடங்கள் தமிழ்நாட்டில் நிறைய. முதலாவது மேகம். நமக்கு முக்கியமான அக்டோபர்–டிசம்பரில் வானம் மூடிக் கிடக்கும். அதனால் பல நாள் படங்களில் மேகமில்லாத புள்ளிகளைப் பொறுக்கி ஒரே படமாக ஒட்டுவார்கள், விளைவாகப் படம் பழசாகிவிடும். இரண்டாவது தாமதம். ஈரம் போனபின்தான் இலை வாடும், அதற்குள் வாரங்கள் ஓடிவிடும். மூன்றாவது சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் எந்தப் பஞ்சத்திலும் பச்சையாக நிற்கும் செடி அது. 250 மீட்டர் புள்ளி ஒன்றில் பாதி வயல், பாதி கருவேலங்காடு என்றால், மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஊர் பசுமைதான். விளைநிலத்தை மட்டும் வெட்டியெடுத்த வரைபடத்தைப் போர்த்திப் பார்த்தால்தான் இது சரியாகும்; அந்த வரைபடம் பத்து ஆண்டுப் பழசாக இருந்தால் தரிசாகிப்போன வயலும் அதில் விளைநிலமாகவே இருக்கும். நான்காவது, மழை தாமதித்து மூன்று வாரம் தள்ளி விதைத்தால், நல்ல பயிர்கூட அந்தத் தேதிக்கு வாடிய பயிராகத் தெரியும்.

மேகத்தைத் துளைத்துப் பார்ப்பது நுண்ணலை. 2015 ஜனவரியில் நாசா அனுப்பிய ஸ்மாப் என்ற செயற்கைக்கோள் மண் ஈரத்தை அளக்கிறது. மேல் ஐந்து சென்டிமீட்டர் மட்டும், அதுவும் பல கிலோமீட்டர் அகலப் புள்ளிகளாக. கூடவே சென்ற ரேடார் சில மாதத்தில் பழுதானதால்தான் நுணுக்கம் போயிற்று. 2022 பிப்ரவரியில் இஸ்ரோ அனுப்பிய ரேடார் செயற்கைக்கோளான இஓஎஸ்-04, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார் ஆகியவை இந்தக் குறையை அடைக்க வந்தவை. நிசாரில் நாசாவின் ரேடார் ஒன்று, இஸ்ரோவின் ரேடார் ஒன்று. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும். கிலோமீட்டர் கணக்கு மீட்டர் கணக்காக மாறுவது பெரிய விஷயம். ஆனாலும் மேல்மண் ஈரம் வேர் ஈரமல்ல. துவரையின் வேர் போகும் ஆழத்தை எந்த ரேடாரும் நேராகப் பார்ப்பதில்லை. நீர்ச்சமன் கணக்குப் போட்டுத்தான் ஊகிக்க வேண்டும்.

நிலத்தடி நீருக்கு கிரேஸ் செயற்கைக்கோள்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பூமியின் ஈர்ப்பு மாற்றத்தை வைத்து நீரின் எடையைக் கணிப்பவை. 2002 முதல் 2008க்குள் வடமேற்கு இந்தியா சுமார் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தது என்று காட்டியது அவைதான். அதன் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலம். வட்டம், ஒன்றியம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பாறைப் பாங்கான நம் மாவட்டங்களில் ஒரு கிணற்றில் தண்ணீர் இருக்கும், அடுத்த கிணறு வற்றிக் கிடக்கும். கண்காணிப்புக் கிணறுகளில் தானியங்கி நீர்மட்டப் பதிவியைப் பொருத்துவதே இங்கே உருப்படியான வழி.

மூன்றாவது படி களச் சரிபார்ப்பு. வட்டத்தின் 10 சதவீதக் கிராமங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, வயலில் நின்று பார்ப்பது. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இடுபொருள் நிவாரணம். 2015க்கு முன் இது 50ஆக இருந்தது. 2022–26 காலத்து நெறிமுறைப்படி மானாவாரிக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, அதிகபட்சம் இரண்டு எக்டேர்.

தரவு எவ்வளவு வேகமாக வந்தாலும் பணம் வேறு பாதையில் வரும் என்பதற்குக் கர்நாடகமே சாட்சி. 2023 செப்டம்பரில் 195 வட்டங்களை வறட்சிப் பகுதி என்று அறிவித்தது, பிறகு அது 223 ஆனது. ஒன்றியத்திடம் நிவாரணம் கேட்டு, கிடைக்காமல், 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் போனது. 18,171 கோடி கேட்ட இடத்தில் ஏப்ரல் இறுதியில் 3,454 கோடி வந்தது. நாட்டிலேயே நெருக்கமான மழைமானி வலை வைத்திருக்கும் மாநிலங்களில் அது ஒன்று. 15 நிமிடத் தரவுக்கும் ஏழு மாதப் பணத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தச் செயற்கைக்கோளும் குறைக்காது.

இனி, முன்கூட்டியே சொல்வது. தென்மேற்குப் பருவமழைக்கு ஏப்ரல் நடுவிலும் மே இறுதியிலும் நாடு தழுவிய கணிப்பு வரும். இது சரியாக இருந்தும் விவசாயிக்குப் பயன்படாமல் போகலாம். 2023இல் ஏப்ரல் கணிப்பு நீண்டகாலச் சராசரியில் 96 சதவீதம், பெய்தது 94. கணிப்பு பாஸ். ஆனால் ஜூலையில் 13 சதவீதம் கூடுதல், ஆகஸ்டில் 36 சதவீதம் குறைவு. 1901க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் கிடையாது. பயிர் செத்தது அந்த ஒரு மாதத்தில். பருவக் கூட்டுத்தொகை அதைக் காட்டாது.

எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) என்றாலே வறட்சி என்ற செய்தித்தாள் வாய்பாட்டையும் தமிழ்நாட்டில் அப்படியே நம்பாதீர்கள். எல் நினோ தென்மேற்குப் பருவத்தைத்தான் பெரும்பாலும் கெடுக்கும்; வடகிழக்குப் பருவத்துக்குப் பல ஆண்டுகளில் துணை நிற்கும். எல் நினோ ஆண்டான அதே 2023இன் டிசம்பரில்தான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. மாறாக, பலவீனமான லா நினா (அதே கடல் வழக்கத்தைவிடக் குளிர்வது) நிலவிய 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் பொய்த்து, 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்க நேர்ந்தது. இதையும் வாய்பாடாக்க முடியாது. 2021இல் லா நினாவோடு அடைமழையும் வந்தது.

நடைமுறையில் பயன்படுவது வியாழக்கிழமை தோறும் வானிலைத் துறை வெளியிடும் நான்கு வாரக் கணிப்பு. முதல் இரண்டு வாரத்தை விதைப்பு, மேலுரம், உயிர்த்தண்ணீர் முடிவுகளுக்கு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம், நான்காம் வாரத்தைக் கூடுமா குறையுமா என்ற திசைக்கு மட்டும் பாருங்கள். 2024 செப்டம்பரில் புணேயில் அர்கா, நொய்டாவில் அருணிகா என்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. 2025 மே மாதம் 6 கி.மீ. கட்டத்தில் ஓடும் பாரத் முன்கணிப்பு முறை வந்தது. இவை நாளை, நாளை மறுநாள் கனமழை எங்கே என்பதைக் கூர்மையாக்கும். அடுத்த மாதம் மழை தவறுமா என்பதற்குக் கட்டத்தைச் சிறிதாக்குவது மருந்தல்ல. அது கடலின் வெப்பத்தையும் வெப்பமண்டல மேகக் கூட்டங்களின் நகர்வையும் கணினி மாதிரி எப்படிக் கையாள்கிறது என்பதைப் பொறுத்தது. இன்னொன்று: 2024 அக்டோபரில் கிராமப் பஞ்சாயத்துக்கான ஐந்து நாள் முன்னறிவிப்பு வந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான், முன்னறிவிப்பைப் பயிர் ஆலோசனையாக மாற்றித் தந்துகொண்டிருந்த 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளை மூடினார்கள். எண் வருகிறது, அதை உளுந்துக்கும் கடலைக்கும் மொழிபெயர்க்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். நல்ல முடிவென்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வட்டத்துக்கு இப்போது செய்யக்கூடியது: 'எல்லாம் கருகிவிட்டது' என்று மனு எழுதினால் அது கோப்பில் தூங்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திடம் இவற்றைக் கேளுங்கள்: வட்டத்தின் மழைமானிகள் எவை, அவற்றின் வாரவாரி மழையும் அந்தந்த வாரத்து இயல்பும் எவ்வளவு, எத்தனை நாள் தரவு வரவில்லை, அந்த நாட்களை எப்படி நிரப்பினார்கள், வறண்ட இடைவெளிக்கு மூன்று வாரக் கணக்கா நான்கு வாரக் கணக்கா, தேர்ந்தெடுத்த மூன்று பாதிப்பு அளவைகள் எவை, அவற்றின் மதிப்பு என்ன, களச் சரிபார்ப்பு நடந்திருந்தால் எந்தெந்தக் கிராமங்கள். உங்கள் பகுதி செம்மண், மணற்பாங்கு என்றால் மூன்று வாரக் கேள்வி ஒன்றே முடிவைப் புரட்டக்கூடும்.

பயிர்க் காப்பீடு செய்திருந்தால் அது தனிக் கணக்கு; வறட்சி அறிவிப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காப்பீட்டு அலகின் (இழப்பைக் கணக்கிட எடுக்கும் பகுதி) பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் தர விதி உண்டு. பருவத்தின் நடுவிலேயே எதிர்பார்க்கும் விளைச்சல் இயல்பில் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால் முன்பணமும் உண்டு. இரண்டுக்கும் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பயிரின் பெயர் சரியாக ஏறியிருக்க வேண்டும். போன ஆண்டு நெல் என்று எழுதியதை இந்த ஆண்டும் அப்படியே நகல் எடுத்திருக்கிறார்களா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.